தேயிலை விளம்பரமும் ஒரு விவரணப் படமும்

பதுளையிலிருந்து பசறை வழியாகப் பிபிலைக்குச் செல்லும் சாலையில் அமைந்த ஊர் லுணுகலை. அதனைச் சூழ்ந்த மலைச்சரிவுகளில் பறிக்கப்படும் கொழுந்து தேயிலையாகிக் கடல் கடந்து செல்கிறது. பிற நாட்டுப் பண்டங்களின் விளம்பரங்களோ கடல் கடந்து அம்மலைகளின் லயங்களுக்குள் வந்து சேருகின்றன. இவ்விரு போக்கினையும் விளங்கிக்கொள்ள விழைவோர் காணத்தக்க விவரணப் படம் ஒன்று உண்டு. ‘சோங் ஒப் சிலோன்’, அதாவது ‘இலங்கையின் கீதம்’ என்பது அதன் பெயர். தோன்றிய ஆண்டு 1934.

தேயிலையை விற்பதற்குத் தோட்டத்தையே காட்சிப்பொருளாக்கும் வழக்கம் அதற்கும் முற்பட்டது. தோமஸ் லிப்டன் 1890 ஆம் ஆண்டில் ஊவாவிலே அப்புத்தளையை அடுத்த தம்பேதன்னை முதலிய தோட்டங்களை வாங்கினார். தோட்டத்திலிருந்து நேரே தேநீர்ப் பாத்திரத்திற்கு வருவது தம் தேயிலை என்று உலகெங்கும் விளம்பரம் செய்தார். கூடை சுமந்த பெண் அவ்விளம்பரங்களில் இடம்பெற்றாள். அவளது நாட்சம்பளம் இடம்பெறவில்லை.

‘இலங்கையின் கீதம்’ படத்திற்குப் பொருளுதவி செய்ததும் தேயிலைப் பிரசாரச் சபையே. ஜோன் கிரியர்சன் தயாரிக்க, பசில் ரைட் இயக்கினார். 1935 இல் பிரசல்ஸ் திரைப்பட விழாவில் அது பரிசு பெற்றது. நான்கு பகுதிகளுள் மூன்றாவதன் பெயர் ‘வணிகத்தின் குரல்கள்’. அப்பகுதியிலே கண் காண்பது உழைக்கும் மாந்தரை. செவி கேட்பது விலை நிலவரத்தையும் கப்பற் செய்திகளையும். உழைப்பு ஓரிடம், அதற்கு விலை பேசும் குரல் வேறிடம் என்னும் உண்மை, விளம்பரத்திற்காக எடுத்த படத்திலேயே வெளிப்பட்டுவிடுகிறது.

ஆயினும் ஒரு குறை அதில் உண்டு. விளக்கவுரை, 1681 இல் வெளியான றொபேட் நொக்ஸின் நூலைத் தழுவியது. அதனைப் படித்தவர் கொழும்புப் புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட். தோட்டத் தொழிலாளி தன் நிலையைத் தானே எடுத்துரைக்க அங்கு இடமில்லை. படம் தோன்றிப் பதினான்கு ஆண்டுகளின் பின், 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. உலகம் அவர்தம் உருவத்தை அறிந்திருந்தது; உரிமையை அறியவில்லை.

கண்டி ஹந்தானையில் பழைய தொழிற்சாலைக் கட்டடம் ஒன்றில் தேயிலை அருங்காட்சியகம் இயங்கிவருகிறது. அத்தகைய இடங்களிலும் தோட்டப்புறப் பாடசாலைகளிலும் இப்படத்தைத் திரையிட்டு, மாணவரிடம் மூன்று வினாக்களை எழுப்பலாம். இதற்குப் பணம் கொடுத்தவர் யார்? இதிலே பேசுபவர் யார்? பேசாதிருப்பவர் யார்?

இவ்வினாக்கள் பழைய படத்தோடு முடிவன அல்ல. தீபாவளி வரும்போது தோட்டத்தில் முற்பணம் வழங்கப்படும். தொலைக்காட்சியும் கைப்பேசியும் அப்பணத்தைச் செலவிடும் வழிகளை வண்ண வண்ணமாகக் காட்டும். முற்பணம் பின்வரும் மாதச் சம்பளங்களிற் கழிக்கப்படும் என்பதை எந்த விளம்பரமும் சொல்லாது. பண்டிகைக்குப் புத்தாடையும் பலகாரமும் வேண்டியனவே. அவற்றை வாங்குவது பிழையன்று. வாங்கும் ஆசை வீட்டில் பிறந்ததா, திரையில் பிறந்ததா என்று பிரித்தறியும் ஆற்றலே வேண்டப்படுவது.

கொழுந்தின் தரத்தை ஒரு நோக்கிலே அறியும் கண்கள் மலையகத்துக் கண்கள். இரண்டு இலையும் ஒரு மொட்டும் தேர்ந்து கிள்ளும் அந்தக் கூர்மை விளம்பரத்தின்மீதும் செல்லுமாயின், ஏமாற்றம் பெரிதும் குறையும்.