ஆட்டத்தின் போக்கும் ஆடுவோர் மனமும்



"ஆட்டம் அவர்கள் பக்கம் திரும்பிவிட்டது, இனித் தோல்விதான்" என்கிறோம். இது மெய்யா?

2019 பெப்ரவரியில், டேர்பன் டெஸ்டில் தென்னாபிரிக்காவை வெல்ல இலங்கைக்கு 304 ஓட்டங்கள் வேண்டியிருந்தன. 206இல் ஆறாவது விக்கெட் வீழ்ந்தது; 226இல் ஒன்பதாவதும் சரிந்தது. போக்கே முடிவென்றால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் குசல் பெரேராவும் கடைசி ஆட்டக்காரர் விஷ்வ பெர்னாண்டோவும் பிரியாது நின்று, எஞ்சிய 78 ஓட்டங்களையும் சேர்த்து வென்றனர். அவற்றுள் விஷ்வ எடுத்தவை ஆறே!

கூடைப்பந்தில், தொடர்ந்து கூடையிலிட்டவர் அடுத்ததையும் இடுவார் என்பது மயக்கமே என 1985இல் உளநூலார் மூவர் எழுதினர். அக்கணக்கில் பிழையுண்டென 2018இல் மில்லரும் சான்ஹுர்ஹோவும் காட்டினர்.

ஆகவே, சென்ற பந்து மனத்தைத் தொடலாம். அடுத்த பந்தின் விதியை எழுதாது. தோழர்களே, ஆட்டம் முடியுமுன் நாமே மனத்தால் தோற்றுவிடாதிருப்போமாக.