விசா ரத்து என்று கடிதம் வந்தால்
(கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

இந்தச் சபையில் பாதிப் பேருடைய குழந்தைகளாவது அமெரிக்காவில் படித்துக் கொண்டிருப்பார்கள். விசா ரத்தானால் எங்கே அப்பீல் செய்வது என்று பேசச் சொன்னார் காரியதரிசி. நான் வக்கீல் இல்லை. எங்கள் குடும்பத்தில் நாங்கள் செய்த தப்பைச் சொல்கிறேன், விஷயம் அதிலேயே இருக்கிறது.

2025 ஏப்ரல் முதல் வாரம். நாக்பூரில் அக்கா வீட்டில் அகால வேளையில் டெலிபோன். டெக்ஸாஸில் எம்.எஸ். படித்துக்கொண்டிருந்த என் மருமானுக்கு ஒரே வாரத்தில் இரண்டு ஈமெயில்கள். தூதரகத்திலிருந்து, விசா ரத்து என்று. பல்கலைக்கழகத்திலிருந்து, 'செவிஸ்' என்னும் மாணவர் பதிவேட்டில் அவன் பதிவு முடிக்கப்பட்டது என்று. முந்தைய வருஷம் லைசென்ஸ் தகராறில் போலீஸ் கைரேகை எடுத்த ஒரு கேஸ் உண்டு. கோர்ட் அதைத் தள்ளுபடி செய்துவிட்டது. "முதல் பிளேனில் கிளம்பி வா" என்றார் அத்திம்பேர். என்னைக் கேட்டார்கள். நானும் அதையேதான் சொன்னேன். மூன்றாம் நாள் பையன் நாக்பூரில்.

எங்களுக்குப் புரியாதது இதுதான். விசா என்பது வாசலில் காட்டும் சீட்டு. உள்ளே தங்கிப் படிக்கும் தகுதி வேறு, அது ஐ-20 தாளையும் செவிஸ் பதிவையும் சார்ந்தது. விசாவைத் தூதரகம் ரத்து செய்தால் அதற்கென்று அப்பீல் மேஜை கிடையாது. புதிதாக விண்ணப்பிக்க வேண்டியதுதான். தகுதி போனால் வழி உண்டு. பல்கலைக்கழகத்தின் அயல்நாட்டு மாணவர் அலுவலகம் ஒத்துழைத்தால், ஐ-539 படிவத்தில் தகுதியைத் திரும்பக் கேட்கலாம். பொதுவாக 5 மாதத்துக்குள் கேட்க வேண்டும். அனுமதியில்லாமல் வேலை பார்த்திருக்கக் கூடாது. அரசே தவறாகப் பதிவை முடித்திருந்தால் ஃபெடரல் கோர்ட் இருக்கிறது. இத்தனைக்கும் பையன் அங்கே இருந்தால்தான் வழி சுலபம்!

அந்த ஏப்ரலில் நடந்ததும் அதுவே. சுமார் 13 லட்சம் மாணவர் பெயர்களைப் போலீஸ் குற்றப்பதிவுத் தொகுப்போடு ஒப்பிட்டு, 4,700-க்கும் மேற்பட்டவர்களின் பதிவை முடித்தார்கள். அமெரிக்கக் குடிவரவு வக்கீல்கள் சங்கம் திரட்டிய 327 நிகழ்வுகளில் பாதிப் பேர் இந்தியர்கள். ஊர் ஊராகப் பிள்ளைகள் கோர்ட்டுக்குப் போனார்கள். பதில் சொல்ல வாய்ப்பே தராமல் பதிவை முடித்தது சரியல்ல என்று நீதிபதிகள் ஒருவர் பின் ஒருவராகத் தற்காலிகத் தடை கொடுத்தார்கள். ஏப்ரல் 25 அன்று, பதிவுகளைத் திரும்பச் சேர்ப்பதாக அரசு வக்கீலே கோர்ட்டில் சொன்னார். மருமான் பதிவும் திரும்பியது. ஆனால் விசா செத்தது செத்ததுதான். அவன் இங்கே, படிப்பு அங்கே. கடைசி செமஸ்டர் பாக்கி.

அதற்காக, விசா போனாலும் பயமில்லை என்று நான் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அடுத்த நாளே, ஏப்ரல் 26 தேதியிட்ட உள் உத்தரவு ஒன்று, விசா ரத்தையே பதிவை முடிக்கக் காரணமாக்க இடம் கொடுத்தது. மே 22-ல் கலிஃபோர்னியா நீதிபதி ஒருவர் நாடு முழுவதற்கும் இடைக்காலத் தடை விதித்தார். இப்படிக் காற்று மாறிக்கொண்டே இருக்கிறது. ஆகவே அன்றைய நிலவரத்தை அங்குள்ள குடிவரவு வக்கீலிடமே கேட்க வேண்டும். இங்கே ஏஜென்டிடமோ, என்னைப் போன்ற மாமாவிடமோ கேட்டுப் பிரயோஜனம் இல்லை. பல பல்கலைக்கழகங்களில் மாணவர்களுக்கு இலவச சட்ட ஆலோசனை உண்டு. நம் பிள்ளைகள் அந்தக் கதவைத் தட்டவே கூச்சப்படுகிறார்கள்.

நடுராத்திரி போன் வந்தால், "எது ரத்து, விசாவா பதிவா? யார் எழுதியது, என்ன தேதி?" என்று மட்டும் கேளுங்கள். கடிதத்தை அப்படியே அனுப்பச் சொல்லுங்கள். கேஸ் தள்ளுபடியானால் கோர்ட் முத்திரையிட்ட நகலை அன்றே வாங்கி வைக்கச் சொல்லுங்கள். எங்களவனுக்கு அது கையில் இல்லை. நாக்பூரிலிருந்து எழுதி வாங்க ஆறு வாரம் ஆயிற்று.

இப்போது அந்த நகலோடு புது விசாவுக்கு விண்ணப்பித்திருக்கிறான். இன்டர்வியூ அடுத்த மாதம். அக்கா தினமும் காலண்டரைப் பார்க்கிறாள். என்னிடம் அதிகம் பேசுவதில்லை.