அந்த மேசையில யாருக்கு நாற்காலி?

(ஆலங்குடியில் மாணவர்களிடையே ஒரு வழக்கறிஞர் பேசியது. வாசிப்பதற்கு ஏற்றபடி சுருக்கப்பட்ட எழுத்து வடிவம்.)

லா படிச்சா என்ன வேலைன்னு கேட்டா நம்ம ஊர்ல ரெண்டு பதில்தான் வரும்: சிவில், கிரிமினல். நான் இன்னைக்கு மூணாவதா ஒண்ணு சொல்லப் போறேன். இன்டர்நேஷனல் ஆர்பிட்ரேஷன், அதுக்குப் பக்கத்து வீடான சர்வதேசச் சட்டம்.

பேரைப் பார்த்து மிரள வேண்டாம். ஊர்ல ஒரு வரப்புத் தகராறு வந்தா என்ன பண்றோம்? என் பக்கம் ஒருத்தர், உங்க பக்கம் ஒருத்தர், பொதுவா ஒரு பெரியவர். ஆர்பிட்ரேஷனும் பெரும்பாலும் அப்படித்தான். பஞ்சாயத்தை மீறினா ஊர் பேசும், அவ்வளவுதான். இங்க தோத்த கம்பெனி பணம் கட்டலைன்னா, 1958 நியூயார்க் உடன்படிக்கையில சேர்ந்த 170க்கும் மேற்பட்ட நாடுகள்ல அதுக்கு எங்க சொத்து இருந்தாலும், அந்த நாட்டு கோர்ட் மூலமா வசூல் பண்ண வழி இருக்கு.

சரி, இதுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? இந்தத் துறையோட பாடப்புத்தகத்துல வர்ற முக்கியமான வழக்கு ஒண்ணு மட்டக்களப்பு மாவட்டத்துல ஆரம்பிச்சது. கொக்கட்டிச்சோலை பக்கத்துல ஒரு இறால் பண்ணை. ஹாங்காங் கம்பெனி ஒண்ணு அதுல பணம் போட்டிருந்தது. 1987 ஜனவரி 28, ராணுவ நடவடிக்கையின்போது பண்ணை அழிஞ்சது. பண்ணை ஊழியர்கள் 20 பேருக்கு மேல கொல்லப்பட்டாங்க.

அந்தக் கம்பெனிக்கு இலங்கை அரசோட நேரடியா ஆர்பிட்ரேஷன் ஒப்பந்தம் எதுவும் கிடையாது. ஆனா பிரிட்டனும் இலங்கையும் 1980ல போட்ட முதலீட்டு ஒப்பந்தம் அப்போ ஹாங்காங்குக்கும் பொருந்துச்சு. அதை வச்சு உலக வங்கிக் குழுமத்துல இருக்கிற இக்சிட் மையத்துக்குப் போனாங்க. ஒரு கம்பெனி, ரெண்டு நாடுகளுக்கு நடுவுல இருந்த ஒப்பந்தத்தை மட்டும் வச்சு அங்க தொடுத்த முதல் வழக்கு அதுதான். கேட்டது 80 லட்சம் டாலருக்கு மேல. 1990 ஜூன் 27ல வந்த தீர்ப்பு: அழிச்சது யாருன்னு நிரூபணம் ஆகலை, ஆனா அரசு முன்கூட்டியே எடுத்திருக்க வேண்டிய எச்சரிக்கையை எடுக்கலை. அதனால 4,60,000 டாலரும் வட்டியும் கொடுக்கணும்.

கம்பெனிக்குக் காசு வந்தது. செத்தவங்க குடும்பம்? அவங்க அந்த வழக்குல ஒரு தரப்பே இல்லை. ஒப்பந்தம் முதலீட்டாளருக்கு மட்டும்தான் நாற்காலி போட்டிருந்தது. நடுவர்கள் நல்லவங்களா கெட்டவங்களாங்கிற பிரச்சினை இல்லை இது. மேசையைச் செஞ்சதே அப்படித்தான்.

தமிழ்நாட்டுக்கு வருவோம். ஒரகடம் நிசான் தொழிற்சாலை. 2008ல போட்ட ஒப்பந்தப்படி வரவேண்டிய ஊக்கத்தொகையை மாநில அரசு தரலைன்னு நிசான் 2017ல ஆர்பிட்ரேஷன் போச்சு. வாக்குக் கொடுத்தது சென்னை, ஆனா எதிர்த்தரப்பு இந்தியா. ஏன்னா வழக்குக்கு ஆதாரம் இந்தியா–ஜப்பான் ஒப்பந்தம். 2020ல சமரசத்துல முடிஞ்சது.

இப்போ இன்னொரு பக்கம் பாருங்க. 2012 பிப்ரவரி 15, கேரளக் கடல்ல செயின்ட் ஆன்டனி படகுல ரெண்டு மீனவர்களை, இத்தாலிய எண்ணெய்க் கப்பல்ல காவலுக்கு இருந்த கடற்படை வீரர்கள் சுட்டதா வழக்கு. செத்தவங்கள்ல ஒருத்தர் நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர். கடல் சட்ட உடன்படிக்கையின் கீழ அமைஞ்ச தீர்ப்பாயம் 2020ல தீர்ப்புச் சொன்னது. அந்த வீரர்களை விசாரிக்கிற அதிகாரம் இந்தியாவுக்கு இல்லைன்னாங்க. அது பெரிய இழப்பு. ஆனா இத்தாலி இழப்பீடு தரணும்னாங்க. மொத்தம் 10 கோடி ரூபாய். ஒவ்வொரு குடும்பத்துக்கும் 4 கோடி, படகு உரிமையாளருக்கு 2 கோடி. அந்தக் குடும்பங்களும் மேசையில இல்லைதான். ஆனா அவங்களுக்காக ஒரு நாடு உட்கார்ந்திருந்தது.

இந்த ரெண்டு மேசைக்கும் வக்கீல் வேணும். கம்பெனிக்கு வேணும், அரசுக்கும் வேணும். மேசையையே மாத்திச் செய்யணும்னு எழுதுறவங்களும் வேணும். சிங்கப்பூர்ல பல வருஷம் பேராசிரியரா இருந்த இலங்கைத் தமிழர் எம். சொர்ணராஜா அந்த மூணாவது வகை. வெளிநாட்டு முதலீட்டுச் சட்டம் பத்தின அவரோட புத்தகத்தை உலகம் முழுக்கப் படிக்கிறாங்க.

எப்படி ஆரம்பிக்கிறது? முதல்ல 1996 ஆர்பிட்ரேஷன் சட்டத்தையும் ஒப்பந்தச் சட்டத்தையும் கரைச்சுக் குடிங்க. காலேஜ்ல ஜெசப், வியன்னா மூட் போட்டிகளுக்குப் பேர் கொடுங்க. தீர்ப்புகள் பலதும் இணையத்துல இலவசமா கிடைக்குது. மாசம் ஒண்ணு முழுசா படிங்க. ‘இங்கிலீஷ் வராதே’ன்னு ஒதுங்காதீங்க, படிக்கப் படிக்கத்தான் வரும். வெளிநாட்டு மேற்படிப்புக்குச் செலவு அதிகம். அதை உடனே பண்ணியே ஆகணும்னு இல்லை. சென்னையில உள்நாட்டு ஆர்பிட்ரேஷன் வேலையில சேர்ந்து மேல போறதும் ஒரு வழி.

நெடுவாசல் நமக்குப் பக்கத்து ஊர். 2017ல ஹைட்ரோகார்பன் திட்டத்துக்கு எதிரா ஜனங்க தெருவுல உட்கார்ந்தாங்க. ஏன் தெருவுல? ஒப்பந்த மேசையில அவங்களுக்கு இடம் இல்லாததால. அதனால அடுத்த தடவை ‘முதலீட்டு ஒப்பந்தம் கையெழுத்து’ன்னு செய்தி வந்தா, எத்தனை கோடின்னு மட்டும் பார்க்காதீங்க. தகராறு வந்தா எங்க விசாரிப்பாங்க, அங்க யார் பேசலாம்னு தேடிப் பாருங்க. அப்படித் தேட ஆரம்பிச்சீங்கன்னா, இந்தத் துறைக்குள்ள ஏற்கெனவே ஒரு கால் வச்சாச்சுன்னு அர்த்தம். இப்போ உங்க கேள்விகளைக் கேளுங்க.