சிறு பிள்ளைக்குத் தகுந்த உதவி

(விருத்தாசலத்தில் நடந்த ஆதரவாளர் கூடுகையில் நம் மருத்துவமனைச் செவிலியர் ஒருவர் பேசியது)



ஏறக்குறைய 130 வருடங்களுக்கு முன், நம்முடைய பழைய தென்னாற்காட்டில், திண்டிவனத்தில் நடந்ததை நீங்கள் கேட்டிருப்பீர்கள். ஒரே இரவில் மூன்று பேர், பிரசவ வேதனையில் தவித்த தங்கள் மனைவிமாருக்காக ஐடா ஸ்கடர் அம்மையாரிடம் உதவி கேட்டு வந்தார்கள். அம்மையாரின் தகப்பனார் மருத்துவர்தான். ஆனால் ஆண் மருத்துவர் வருவதை அவர்கள் ஏற்கவில்லை. மூன்று தாய்மாரும் மரித்துப்போனார்கள். அம்மையார் மருத்துவம் படித்துத் திரும்பி, 1900-ல் வேலூரில் ஊழியத்தைத் தொடங்கினார்.

அந்த இரவில் மருத்துவர் இருந்தார். அந்தத் தாய்மாருக்குத் தகுந்த மருத்துவர் இல்லை. இன்று நம் பிள்ளைகளைக் குறித்து அதே கேள்வியை உங்கள் முன் வைக்கிறேன்.

குழந்தை என்பது சிறிய உருவத்தில் உள்ள பெரியவர் அல்ல. அதன் மூச்சுக்குழல் மிகவும் ஒடுக்கமானது. சற்று வீங்கினாலே மூச்சு திணறும். வாந்தி பேதியில் நீர் வற்றிப்போனாலும் அதன் இரத்த அழுத்தம் வெகுநேரம் இறங்குவதில்லை. பிறகு திடீரென்று சரிந்துவிடும். அதற்கு முன்பே வேகமான நாடித்துடிப்பு, சில்லிட்ட கைகால், மந்தமான பார்வை ஆகியவற்றைக் கண்டுகொள்ளப் பழகிய கண்கள் வேண்டும்.

மருந்துகளைப் பெரும்பாலும் குழந்தையின் எடை பார்த்துத்தான் கொடுக்கிறோம். ஆனால் பாம்புக்கடியில் அப்படி அல்ல. முந்திரித் தோப்பில் விளையாடும் பிள்ளையைக் கடிக்கும் பாம்பு, பிள்ளை என்று பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லை. ஆகவே பெரியவருக்கு எவ்வளவு விஷமுறிவு மருந்தோ, பிள்ளைக்கும் அவ்வளவே. அறியாமல் அளவைக் குறைத்தால் உயிருக்கே ஆபத்து.

இங்கிருந்து கடலூர் ஏறக்குறைய 60 கிலோமீட்டர். வேலூரும், எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையும் இன்னும் தூரம். 2008 முதல் 108 ஆம்புலன்ஸ் ஓடுகிறது; அது பெரிய ஆசீர்வாதம். ஆனாலும் மூச்சு நின்ற பிள்ளைக்குச் சில நிமிடங்களே உண்டு. ஆகவே முதல் உதவி, முதலில் கொண்டுவரும் ஆஸ்பத்திரியிலேயே கிடைக்க வேண்டும். ஆக்சிஜன், சிறு முகத்துக்குப் பொருந்தும் மாஸ்க், நரம்பு கிடைக்காதபோது எலும்பு வழியாக மருந்து செலுத்தும் ஊசி, இவற்றைக் கையாளப் பழகிய செவிலியர் ஆகிய இவ்வளவும் இருந்தால், பிள்ளையைத் தேற்றிப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பலாம்.

வீட்டிலும் உங்கள் பங்கு உண்டு. பேதியானால் உப்பு சர்க்கரைக் கரைசலை உடனே கொடுக்கத் தொடங்குங்கள். 1971-ல் வங்காள அகதி முகாமில் டாக்டர் திலீப் மகாலனாபிஸ் திரளான உயிர்களைக் காத்தது அந்தக் கரைசலால்தான். வலிப்பு வந்தால் பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் ஒன்றும் திணிக்காதீர்கள். மண்ணெண்ணெய் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். தாமதியாமல் கொண்டுவாருங்கள்.

அன்பானவர்களே, கட்டிடத்துக்குக் கொடுத்தால் கல்வெட்டில் பெயர் வரும். ஒரு செவிலியரின் பயிற்சிக்கும், உள்ளங்கை அளவு மாஸ்க்குக்கும் கொடுத்தால் பெயர் எங்கும் வராது. ஆனால் நடுராத்திரியில் ஒரு தாய் பிள்ளையை ஏந்திக்கொண்டு ஓடிவரும்போது, அவைதான் முதலில் தேவைப்படும். எங்களுக்காக ஜெபியுங்கள். கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.