திங்கட்கிழமைத் தலையிடி

(நூற்றாண்டு விழாவையொட்டிப் பாடசாலை மண்டபத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு விழாவில் பழைய கதை பேசத்தான் எல்லோருக்கும் ஆசை. நாங்களும் ஒரு பழைய கதையோடுதான் தொடங்குகிறோம். ஆனால் அது எங்களுக்குப் பெருமை தரும் கதையல்ல.

தொண்ணூறுகளில் நாங்கள் மாணவத் தலைவிகளாக இருந்தபோது, காலைப் பிரார்த்தனைக்கு வராமல் சிக் றூமில் படுத்திருப்பவர்களின் பெயர்களை ஒரு கொப்பியில் எழுதுவது எங்கள் வேலை. திங்கட்கிழமைகளில் பெயர்கள் கூடும். தவணைப் பரீட்சை வந்தால் இன்னும் கூடும். ஒருத்திக்குத் தலையிடி, ஒருத்திக்கு வயிற்றுக்குத்து, இன்னொருத்திக்கு நெஞ்சு படபடப்பு. 'கள்ள வருத்தக்காரர்' என்று எங்களுக்குள் சிரித்துக்கொள்வோம். இத்தனைக்கும் ஜாம் போத்தல் விளக்கில் படித்து, பங்கருக்குள் பதுங்கி, 1995 ஒக்ரோபரில் கையில் அகப்பட்டதோடு ஊரை விட்டு நடந்தவர்கள் நாங்கள். எங்களுக்கும் வயிறு நொந்தது. அது பயத்தின் நோ என்று எவரும் சொல்லித் தரவில்லை.

அந்தக் கொப்பியில் ஒருத்தியின் பெயர் திரும்பத் திரும்ப வந்தது. பிறகு அவள் பாடசாலைக்கு வருவதையே நிறுத்திவிட்டாள். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை.

அவளுடைய நோ பொய்யல்ல என்று இன்று எங்களுக்குத் தெரியும். மனம் நெருக்குப்படும்போது அட்ரினலினும் கோர்ட்டிசோலும் சுரக்கின்றன. நெஞ்சு அடிக்கிறது, கழுத்துத் தசை இறுகுகிறது, குடல் குழம்புகிறது. 'எனக்கு மனம் சரியில்லை' என்று வீட்டில் சொல்வதைவிட 'தலை இடிக்குது' என்று சொல்வது பதினான்கு வயதுப் பிள்ளைக்கு இலகு. தலையிடிக்கு அம்மா கொத்தமல்லி அவித்துத் தருவார். மனத்துக்கு என்ன தருவார், பாவம்!

இன்றும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையினர் வந்து தரம் 1, 4, 7, 10 பிள்ளைகளைப் பரிசோதிக்கிறார்கள். உயரம், நிறை, கண், பல் எல்லாம் பார்க்கிறார்கள். நல்ல வழக்கம் அது. தலையிடி என்று வரும் பிள்ளைக்குக் கண்ணாடி தேவையா, இரத்தச்சோகையா, காலைச் சாப்பாடு இல்லையா என்று முதலில் பார்க்கத்தான் வேண்டும். எல்லாவற்றையும் மனத்தில் போடுவதும் பிழை. ஆனால் வரிசையில் நிற்கும் பிள்ளை அந்தச் சில நிமிடத்தில், பின்னால் நிற்பவளுக்குக் கேட்க, தன் பயத்தைச் சொல்லமாட்டாள்.

வெளிநாட்டுக் கிளைச் சகோதரிகள் பலர், "எல்லாப் பிள்ளைகளுக்கும் வினாக்கொத்துக் கொடுத்துக் கண்டுபிடிக்கலாமே, செலவை நாங்கள் தருகிறோம்" என்கிறீர்கள். அப்படியான வினாக்கொத்துகள் இருக்கின்றன. ரொபேர்ட் குட்மன் என்ற ஆங்கிலேய உளமருத்துவர் 1997இல் வெளியிட்டது 25 கூற்றுகள் கொண்டது. பதினொரு வயதிலிருந்து பிள்ளையே நிரப்பலாம். அடிக்கடி தலையிடி, வயிற்று நோ வருகிறதா என்பதும் அதில் ஒன்று. கவலை, பயம் பற்றிய கூற்றுகளோடு சேர்த்துத்தான் அதற்கும் புள்ளி போடுவார்கள். எங்கள் கொப்பியில் இருந்ததும் அதுதானே!

ஆனால் அக்காமாரே, எங்களுக்கு இதில் ஒரு தயக்கம் உண்டு. 1968இல் உலக சுகாதார நிறுவனத்துக்காக வில்சன், யுங்னர் என்ற இருவர் எழுதிய அறிக்கையில், நோயைத் தேடிக் கண்டுபிடிக்க முன்னர் அதைக் கவனிக்கும் வசதி இருக்கவேண்டும் என்று ஒரு நியதி உண்டு. எங்கள் பாடசாலையில் ஆலோசனை ரீச்சர் ஒருவர்தான். அவருக்கும் நாள் முழுக்கப் பாடம். ஆலோசனை அறைக்குள் நெட்போல் கம்பங்களும் உடைந்த கதிரைகளும் கிடக்கின்றன. நாற்பது பிள்ளைகள் 'எனக்குப் பயமாக இருக்கிறது' என்று எழுதிக் கொடுத்தால், அந்தத் தாள்களை யார் கையில் கொடுப்பது? அலுமாரியில் வைத்துப் பூட்டினால், நாங்கள் கொப்பியில் பெயர் எழுதியதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

இன்னொன்று. எங்கள் ஊர் சின்ன ஊர். ஒரு பிள்ளைக்கு 'மனவருத்தம்' என்ற பேச்சு வெளியே போனால் கலியாணம் பேசும் நாள் வரைக்கும் கூட வரும். அதனால்தான் பெற்றோர் பயப்படுகிறார்கள். அவர்களைக் குறை சொல்லமுடியாது. தாள் வகுப்பில் கைமாறக் கூடாது, பெயர்ப் பட்டியல் பணியாளர் அறைக்குப் போகக் கூடாது, பெற்றோரை முதலே அழைத்துப் பேசவேண்டும்.

ஆகவே நாங்கள் கேட்பது வேறு ஒழுங்கு. வினாக்கொத்துக்கு முன்னர், பயிற்சி பெற்ற உளவளத்துணையாளர் ஒருவருக்கு வாரம் இரண்டு நாட்களாவது, குறைந்தது மூன்று வருடங்களுக்குச் சம்பளம். அந்த அறையைத் துப்பரவாக்கிக் கதவுக்கு ஒரு திரை. அவரால் இயலாத பிள்ளையை எந்த வைத்தியசாலைக்கு, எந்தக் கிளினிக் நாளில், யார் கூட்டிச் செல்வது என்று முன்கூட்டியே பேசிவைத்த ஏற்பாடு. இதெல்லாம் சரிவந்த பிறகு தரம் 10இல் மட்டும் தொடங்கலாம். கல்வெட்டில் பெயர் பொறிக்கக்கூடிய வேலை அல்ல இது. கட்டடத்துக்குப் பணம் சேர்ப்பதுபோல் இலகுவாகவும் இராது.

நெட்போல் கம்பங்களை எங்கே வைப்பது என்று விளையாட்டு ரீச்சரோடு பேசியாகிவிட்டது. அடுத்த சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அறையைத் துப்பரவாக்க வருகிறோம். ஊரில் நிற்கும் சகோதரிகள் தும்புத்தடியோடு வாருங்கள்.