ஏலமலையின் மழலைகள்



யான் இரயில்வே எழுத்தன். ஐந்து வயது நிரம்பாத குழந்தைக்கு எங்களிடம் சீட்டு வேண்டுவதில்லை. ஆதலின் கணக்கிலும் அது ஏறுவதில்லை. போடிமெட்டைச் சூழ்ந்த ஏலக்காட்டுக் குழந்தைகளின் நிலையும் ஏறத்தாழ இதுவே.

போடிநாயக்கனூரிலிருந்து வைகறையில் ஜீப்பேறி மலைக்குச் செல்லும் நம் பெண்டிர் பகல் முழுதும் காய் பறிக்கின்றனர். தாய் கேரளத்தில், சேய் தமிழ்நாட்டில், பாட்டியின் மடியில். பாட்டி இல்லையேல் அக்காளின் இடுப்பில். அக்காளின் படிப்பு அவ்வளவே!

1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், ஐம்பது பெண்கள் உழைக்கும் தோட்டத்திற்குக் குழந்தைகள் காப்பகம் விதித்தது. தேயிலை, காப்பி, இரப்பர், சின்கோனா எனப் பெயர் சுட்டிய அம்மையச் சட்டத்தில் ஏலம் இடம்பெற்றது 1981 திருத்தத்தில்தான். இருபது குழந்தைகள் இருப்பினும் காப்பகம் வேண்டுமென்பதும் அப்போதே வந்தது. நன்று. ஆயின் இச்சரிவில் பத்துப் பெண்கள், அடுத்த சரிவில் பன்னிருவர் என்றிருக்கும் சிறு தோட்டங்களில் எண்ணிக்கை நிறைவது எங்ஙனம்? 1975-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் அங்கன்வாடி தந்தது. அது திறக்குமுன் ஜீப் மலையேறிவிடுகிறது.

வேலைக்குச் செல்லும் பெற்றோரின் குழந்தைகளுக்குக் காப்பக வசதி உரிமையென 1989-இல் ஐக்கிய நாடுகள் சபை உடன்படிக்கை வகுத்தது. 1992-இல் இந்தியா இசைந்தது. ஜெனீவாவில் பேசப்படுவது மெட்டுக்கு ஏறிவர வேண்டாவா?

சிறு தோட்டங்கள் கூடி ஒரு காப்பகம், விடியுமுன் திறப்பு, தமிழறிந்த ஆயா. இம்மூன்றையும் இரு மாநில அரசுகளிடமும் நம் சங்கம் கேட்கட்டும். விண்ணப்பத்தைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதி வைத்துள்ளேன். கையொப்பமிட விழைவோர் கூட்டம் கலையுமுன் மேடையருகே வருக.