சங்க ஆபீசிலிருந்து உளவு இலாகாவுக்கு

(திருவண்ணாமலை, ரமணாசிரமம் பகுதிக் கூட்டத்தில் பேசியது)



செங்கம் ரோட்டில் கூடியிருக்கும் உங்களில் பலருடைய பிள்ளைகள் சிங்கப்பூரில் கட்டட வேலையிலும் கப்பல் பட்டறையிலும் இருக்கிறார்கள். கூட்டம் துவங்குமுன் ஒரு பெரியவர் என்னைக் கேட்டார்: "அங்கே நம்ம தமிழர் ஒருத்தரே ஜனாதிபதியா இருந்தாராமே தோழர்? அப்படியிருந்தும் என் மகன் போனிலே சங்கம்னு சொல்லவே பயப்படுறானே, ஏன்?" நியாயமான கேள்வி. நான் பேச வந்ததை ஒத்திவைத்துவிட்டு இதற்கே பதில் சொல்கிறேன்.

அந்தத் தமிழர் எஸ்.ஆர். நாதன். முழுப் பெயர் செல்லப்பன் ராமநாதன். 1924-ல் சிங்கப்பூரில் பிறந்தவர். தகப்பனார் ரப்பர் தோட்ட விவகாரங்களைக் கவனித்த வக்கீல் கம்பெனியில் குமாஸ்தா. 1930-களின் நெருக்கடியில் ரப்பர் விலை சரிந்தது. கடன் கழுத்தை நெரித்தது. தகப்பனார் உயிரை மாய்த்துக்கொண்டார். அப்போது பையனுக்கு வயது எட்டு. கடனில் சாகும் விவசாயியைப் பார்த்த நமக்கு இதை விளக்க வேண்டுமா? பிள்ளை வீட்டை விட்டு ஓடினான், ஜப்பான்காரன் ஆட்சியில் துபாஷி வேலை செய்தான், பிறகு படித்து 1954-ல் சர்வகலாசாலையில் டிப்ளமா வாங்கினான். 1956-ல் மாலுமிகள் நல அதிகாரி ஆனார் நாதன். உழைப்பவனின் கஷ்டம் அறியாத ஆள் அல்ல.

இனிதான் கவனமாகக் கேளுங்கள். 1961-ல் ஆளும் மக்கள் செயல் கட்சி உடைந்தது. இடதுசாரிகள் பாரிசான் சோசலிஸ் என்று தனியாக வந்தார்கள். தொழிற்சங்க இயக்கமும் இரண்டாயிற்று; ஒரு பக்கம் சர்க்காருக்கு வேண்டிய தேசியத் தொழிற்சங்க காங்கிரஸ், மறு பக்கம் இடதுசாரிச் சங்கங்கள். தொழிலாளி எந்தப் பக்கம் நிற்பான் என்பதே அன்றைய சண்டை.

சர்க்கார் என்ன செய்தது? தடியை மட்டும் நம்பவில்லை, மேஜையையும் நம்பியது. தன் பக்கத்துச் சங்கங்களுக்குத் தொழிலாளர் ஆராய்ச்சிப் பிரிவு ஒன்று வைத்து, 1962-ல் நாதனை அங்கே அனுப்பியது. கம்பெனிக் கணக்கைப் படிப்பது, விலைவாசியைச் சேகரிப்பது, தொழில் நடுவர் மன்றத்துக்குக் கோரிக்கை மனு தயாரிப்பது, இவைதாம் வேலை. உண்மையில் பயனுள்ள வேலை! அதனால்தான் அது பலித்தது. கோரிக்கை ஜெயித்துக் கூலி உயர்ந்தால் தொழிலாளி அந்தப் பக்கம் போகமாட்டானா?

தடியும் சும்மா இருக்கவில்லை. 1963 பிப்ரவரி 2 அன்று விடியுமுன் நூற்றுக்கு மேற்பட்டவர்களை விசாரணையின்றிப் பிடித்து அடைத்தார்கள். இடதுசாரிச் சங்கங்களின் கூட்டமைப்புக்கு அதே ஆண்டு பதிவு மறுக்கப்பட்டது. இந்தக் கைதுகளை நாதன் நடத்தினார் என்று நான் சொல்லவில்லை. அது வேறு இலாகா. ஆனால் ஒரு வீட்டில் சாவு, பக்கத்து வீட்டில் கல்யாணம் என்பதுபோல ஒரே சமயத்தில் இரண்டும் நடந்தன.

1966-ல் வெளிநாட்டு இலாகாவுக்குப் போனார். 1971-ல் பாதுகாப்பு அமைச்சகத்தின் உளவுப் பிரிவுக்குத் தலைவரானார். 1974-ல் நான்கு ஆயுதபாணிகள் எண்ணெய்க் கிடங்கைத் தாக்கி, லாஜு என்ற படகையும் அதிலிருந்த ஆட்களையும் பிடித்து வைத்தபோது, பணயக் கைதிகளுக்குப் பதிலாகத் தானே அவர்களோடு குவைத்துக்கு விமானம் ஏறினார். தைரியசாலி. அதை மறுப்பது நமக்கு அழகல்ல.

1982-ல், சில வருஷம் முன்புவரை உளவுத் தலைவராயிருந்தவரை நாட்டின் முக்கியப் பத்திரிகையான ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸுக்குத் தலைவராக்கினார்கள். பத்திரிகையில் அவருக்கு என்ன அனுபவம் என்று கேட்கிறீர்களா? அதை நியமித்தவர்களிடம்தான் கேட்க வேண்டும். 1999-ல் ஜனாதிபதி. 2005-ல் மறுபடியும். இரண்டு தடவையும் எதிர்த்து நிற்க வந்தவர்களுக்குத் தகுதிச் சான்றிதழ் கிடைக்கவில்லை. ஒரு வோட்டுக்கூடப் பதிவாகவில்லை. 2011 வரை இருந்தார், 2016-ல் 92-வது வயதில் காலமானார், அரசு மரியாதை.

அதே கடலோரத்தில் இன்னொரு தமிழரும் தொழிற்சங்கத்தில் இருந்தார். அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனத் தலைவர் எஸ்.ஏ. கணபதி. துப்பாக்கி வைத்திருந்தார் என்று வெள்ளைக்காரன் 1949 மே 4 அன்று கோலாலம்பூரில் தூக்கிலிட்டான். நாதன் பெயர் தெரிந்த எத்தனை பேருக்குக் கணபதி பெயர் தெரியும்? கை தூக்குங்கள் பார்ப்போம்... சரி, இறக்குங்கள்.

பெரியவரே, உங்கள் கேள்விக்கு வருகிறேன். இடதுசாரிச் சங்கங்கள் ஒழிந்த பிறகு, 1968-ல் சட்டம் திருத்தினார்கள். ஆள் எடுப்பது, நீக்குவது, மாற்றுவது, பதவி உயர்வு, இவை பற்றிச் சங்கம் பேரம் பேசவே கூடாது. சங்கம் பெயரளவில் இருக்கிறது, கட்டடம் இருக்கிறது, ஆராய்ச்சியும் இருக்கிறது. ஆனால் "என் ஆளை ஏன் நிறுத்தினாய்?" என்று கேட்கும் வாய் இல்லை. ஜனாதிபதி தமிழராக இருந்ததால் உங்கள் மகனுக்கு அந்த வாய் முளைத்துவிடுமா?

நம் தரப்புக் குறையையும் சொல்லிவிடுகிறேன். ஆலை முதலாளியின் வரவு செலவுக் கணக்கைப் படித்து ஓட்டையைக் காட்ட நம் சங்கத்தில் எத்தனை பேர்? கோஷம் போட ஐம்பது பேர் உண்டு, கூட்டிக் கழிக்க ஒருவர் இல்லை. இந்த ஞாயிறு மாலை பத்தாவது படித்த பிள்ளைகள் நம் ஆபீசுக்கு வரட்டும். ஆலைத் தோழர்கள் மூன்று மாதச் சம்பளச் சீட்டைக் கொண்டு வாருங்கள். கூலி வேலை செய்யும் தாய்மார்கள், நடவுக்கும் அறுப்புக்கும் என்ன வாங்கினீர்கள் என்று சொன்னால் போதும், எழுதிக்கொள்வோம்.